சூமா முதல் ஷினோஹாரா வரை

நாள் 1 – சூமா

அக்கா மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய கையோடு ஒசாகாவில் வந்து இறங்கிவிட்டான். "மாமா, சாமுராய் சண்டை போட்ட இடமெல்லாம் காட்டுங்க" என்பதுதான் ஒரே கோரிக்கை. அவன் மனதில் இருப்பது வீடியோ கேம் சாமுராய். கறுப்பு உடுப்பு, கொட்டும் மழை, ஒரே வெட்டு, எதிரி இரண்டு துண்டு. பக்கத்திலேயே ஒசாகா கோட்டை இருக்கிறது, லிஃப்டில் ஏறி இறங்கினால் வேலை முடிந்தது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அந்தக் கோட்டைக்கும் 400 வருஷம் முந்தைய ஒரு போரின் தடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் லீவு போட்டுக் கிளம்பிவிட்டோம். தினமும் ராத்திரி தூக்கம் வருவதற்குள் எழுதிப் போட்டுவிட வேண்டும் என்று திட்டம்.

போரின் பெயர் கெம்பெய். 1180 முதல் 1185 வரை நடந்தது. ஒரு பக்கம் தாய்ரா குலம், அதாவது ஹெய்கே. மறுபக்கம் மினமொதோ குலம், அதாவது கென்ஜி. ஹெய்கே தலைவர் கியோமோரி தன் மகள் வயிற்றுப் பேரனையே பேரரசராக உட்காரவைத்தவர். 1181-இல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில் அவர் குடும்பம் குழந்தைப் பேரரசரைத் தூக்கிக்கொண்டு கியோட்டோவை விட்டு மேற்கே ஓடியது. அந்த ஓட்டத்தின் பாதைதான் எங்கள் பாதையும்.

சூமா, கோபே நகரின் மேற்கு ஓரம். ரயில் நிலையத்தை விட்டு இறங்கினால் காலடியில் மணல். மலை கடல்வரை வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் மிஞ்சிய ஒரு துண்டு நிலத்தில் ரயில் பாதைகளும் நெடுஞ்சாலையும் முண்டியடித்துக்கொண்டு ஓடுகின்றன. பின்னால் மலை, முன்னால் கடல், கடலில் சொந்தக் கப்பல்கள். ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று ஹெய்கேகாரர்கள் நினைத்ததில் தப்பில்லை. பழைய காலண்டர்ப்படி 1184 பிப்ரவரி 7 அன்று காலையில் கென்ஜி தளபதி யோஷிட்சுனே பின்பக்க மலைச்சரிவிலிருந்து குதிரையோடு இறங்கினான். இச்சி-நோ-தானி முகாம் கலைந்தது. எல்லோரும் கப்பலை நோக்கி ஓடினார்கள்.

ஓடியவர்களில் ஒருவன் அத்சுமோரி. கியோமோரியின் தம்பி மகன், 17 வயது. அரண்மனையில் ஐந்தாம் படித்தரம் உண்டு, ஆனால் உத்தியோகம் எதுவும் கிடையாது. அந்தஸ்து இருக்கிறது, வேலை இல்லை. குதிரையோடு கடலில் இறங்கிக் கொஞ்ச தூரம் போய்விட்டான். கரையிலிருந்து குமகாய் நவோஸானே என்ற கென்ஜி வீரர் விசிறியை ஆட்டி, "முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாயே, வெட்கமாக இல்லையா, திரும்பி வா" என்று கத்தினார்.

அவன் திரும்பி வந்தான்.

சூமாதேரா கோயில் தோட்டத்தில் இந்த ஒரு கணத்தைத்தான் சிலையாக வைத்திருக்கிறார்கள். ஆளுயரக் குதிரைச் சிலைகள் இரண்டு. ஒன்றின் மேல் குமகாய் விசிறியோடு, இன்னொன்றின் மேல் அத்சுமோரி. கடலுக்குப் பதில் நடுவில் சரளைக்கல். பையன் இரண்டு சிலைக்கும் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டான். நான் மீதிக் கதையைச் சொன்னேன்.

குமகாய் பெரிய பிரபு இல்லை. முசாஷி நாட்டில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த சில்லறை ஆள். அந்தக் காலத்துச் சாமுராய்க்குச் சம்பளம் கிடையாது. எதிரித் தலை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அது யாருடையது என்று பார்த்துத்தான் நிலம் கிடைக்கும். 'முதலில் பாய்ந்தவன்' என்ற பெயருக்கும் மதிப்பு உண்டு. அதற்காகவே அன்று விடிவதற்கு முன்பே, மகனையும் கொடி பிடிக்கும் ஓர் ஆளையும் மட்டும் கூட்டிக்கொண்டு மேற்கு வாசலுக்கு வந்து நின்றார். மகன் நவோயியேவுக்கு 16 வயது. காலைச் சண்டையிலேயே அவன் கையில் அம்பு தைத்துவிட்டது.

இந்த நிலையில் கண்ணில் படுகிறது விலையுயர்ந்த கவசம் போட்ட ஓர் உருவம். குதிரையிலிருந்து இழுத்துத் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்க்கிறார். பவுடர் பூசிய முகம், அரண்மனை வழக்கப்படி கறுப்புச் சாயம் ஏற்றிய பல், தன் மகன் வயது. நீ யார் என்று கேட்டால், முதலில் நீ யார் சொல் என்கிறது அந்தப் பிள்ளை. இவர் சொல்கிறார். உனக்கு நான் நல்ல தலைதான், வெட்டிக் கொண்டுபோய் யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, அடையாளம் தெரியும் என்கிறான். பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை.

விட்டுவிடலாம் என்று குமகாய் திரும்பிப் பார்த்தால், சொந்தப் பக்கத்து ஐம்பது குதிரைவீரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் சிக்கினாலும் இதே முடிவுதான். வெட்டிவிட்டார். தலையைச் சுற்றத் துணி எடுக்கும்போது இடுப்பில் பட்டுப் பையில் ஒரு புல்லாங்குழல். விடியற்காலையில் எதிரி முகாமிலிருந்து கேட்ட இசை இவர்களுடையதுதானா என்று அப்போதுதான் உறைத்தது. கிழக்கிலிருந்து வந்த இத்தனை ஆயிரம் பேரில் ஒருவன்கூடக் குழலைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வரவில்லை.

கோயிலின் காட்சிக்கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் குழல் இருக்கிறது. 'பச்சை இலை' என்று பெயர். இதுவே அதுதானா என்று விசாரிக்கப் போவதில்லை. நம் ஊரில் எத்தனை கோயிலில் எத்தனை பாதம் பார்த்திருக்கிறோம். கொஞ்ச தூரத்தில் தலையைப் புதைத்த மேடு. யோஷிட்சுனே உட்கார்ந்து தலைகளைச் சரிபார்த்த பைன் மரத்தின் மிச்சமும், தலைகளைக் கழுவிய குளமும் அதே கோயிலில். கழுவித் துடைத்து, தலைவாரி, பெயர்ச்சீட்டுக் கட்டித்தான் தலையைக் காட்டுவார்களாம். பையன் குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தான்.

ரயிலில் ஒரு கேள்வி கேட்டான். "17 வயசுன்னா நம்ம கணக்கா?" இல்லை. அவர்கள் கணக்கில் பிறந்த அன்றே வயது 1. அப்புறம் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். வரும் ஜூலையில் அவனுக்கு 16 முடிகிறது. அவர்கள் கணக்கில் இப்போதே 17.

நாள் 2 – மலை, அப்புறம் நகதா

சூமா-ஊரா பூங்காவில் ரோப் கார் ஏறி, அங்கிருந்து 'கார்லேட்டர்' என்ற ஒரு வண்டி. 1966-இல் போட்டது. இரண்டு பேர் உட்காரும் கூடை ஒன்று பெல்ட்டில் கடகடவென்று மலை ஏறுகிறது. ஏறி உட்கார்ந்தால் சுகமாக இருக்காது என்பதே இதன் புகழ். அதைச் சொல்லியே விளம்பரம் செய்கிறார்கள். எலும்பெல்லாம் ஆடி மேலே போய்ச் சேர்ந்தால், அக்காஷி பாலமும் அவாஜி தீவும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. கீழே எட்டிப் பார்த்தால் சரிவு செங்குத்து. மான் இறங்குமா என்று உள்ளூர் வேடனைக் கேட்டு, இறங்கும் என்றதும், மானுக்கும் நாலு கால் குதிரைக்கும் நாலு கால் என்று யோஷிட்சுனே இறங்கினானாம். எந்த மலை என்பதில்தான் இழுபறி. இங்கே இருக்கும் தெக்காய் மலை என்கிறது ஒரு கட்சி. சுமார் 8 கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் ஹியோதோரிகோயே என்கிறது இன்னொரு கட்சி. அந்தப் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. இரண்டு ஊருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கீழே இறங்கி அத்சுமோரி கோபுரம். ஐந்து அடுக்குக் கல், ஏறக்குறைய 4 மீட்டர் உயரம். பக்கத்திலேயே சோபா நூடுல்ஸ் கடை. இருவரும் சாப்பிட்டோம். செத்தவனுக்குப் பக்கத்தில் இவ்வளவு ருசியாகச் சாப்பிடுவது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பையனுக்கு அப்படியெல்லாம் இல்லை.

மத்தியானம் நகதா. சுற்றுலாக்காரர்கள் வராத, சாதாரணக் குடியிருப்புப் பகுதி. மியோசென்ஜி என்ற கோயிலில் தொமொஅகிராவின் கல்லறை இருக்கிறது. இந்தப் பெயர் அநேகமாக யாருக்கும் தெரியாது. இவன் பேரில் ஒரு பழைய நாடகம் உண்டு, ஆனால் அத்சுமோரிக்குக் கிடைத்த புகழ் இவனுக்குக் கிடைக்கவில்லை. எனக்கென்னவோ இவன் கதைதான் ரொம்ப நாளாக உள்ளே கிடக்கிறது.

அதே நாள், அதே போர். ஹெய்கேயின் சிறந்த தளபதி தொமொமோரி. அவர், 16 வயது மகன் தொமொஅகிரா, ஒரு பணியாள், ஆக மூன்று பேர் குதிரையில் கடலை நோக்கிப் போகிறார்கள். பத்துப் பேர் துரத்திப் பிடித்துவிட்டார்கள். துரத்தியவர்களின் தலைவன் தொமொமோரியின் மேல் பாயப் போகும்போது மகன் நடுவில் புகுந்து அவனைக் கட்டிப் புரண்டு, தலையையும் வெட்டிவிட்டான். எழுந்திருப்பதற்குள் எதிரியின் எடுபிடிப் பையன் ஒருவன் இவனை முடித்துவிட்டான். பணியாளும் அங்கேயே செத்தார். அந்த இடைவெளியில் தொமொமோரி தப்பினார். குதிரை கடலில் ரொம்ப தூரம் நீந்திக் கப்பலில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கப்பலில் ஏறியதும் அண்ணன் முனெமோரியிடம் போய் அழுதார். தன்னைக் காப்பாற்ற மகன் எதிரியோடு மல்லுக்கட்டுவதைக் கண்ணால் பார்த்தும், உதவாமல் ஓடி வந்த அப்பன் உலகத்தில் உண்டா. வேறு ஒருவன் இப்படிச் செய்திருந்தால் நானே எவ்வளவு பேசியிருப்பேன். உயிர் இவ்வளவு இனிக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்றார்.

முனெமோரிதான் அப்போது குலத்தலைவர். கியோமோரிக்குப் பின் வந்தவர். கோழை, மந்தபுத்தி என்று கதை முழுக்க ஏச்சு வாங்குகிறவர். தம்பிக்கு அவர் சொன்ன ஆறுதல் இதுதான்: அப்பாவுக்காக உயிர் கொடுத்த பிள்ளை, நல்ல வீரன். நம்ம கியோமுனேயும் அவனும் ஒரே வயது, இந்த வருஷம் 16. சொல்லிக்கொண்டே தன் மகன் கியோமுனே இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியது.

நான் படித்தபோது இந்த ஒரு பார்வையில்தான் நின்றுபோனேன். ஏன் என்று ஷினோஹாரா போன பிறகு எழுதுகிறேன்.

நாள் 3 – யாஷிமா

முதலில் ஒரு திருத்தம். அத்சுமோரிக்கு 17 வயது என்று எழுதியிருந்தேன். போர்க்கதையான ஹெய்கே மொனொகதாரியில் அப்படித்தான். 'நோ' நாடகத்தில் 16. எங்கேயாவது மாறிப் படித்தால் என்னைத் திட்ட வேண்டாம்.

சூமாவில் தோற்றவர்கள் கடல் தாண்டி ஷிகொக்கு தீவில் யாஷிமாவில் தங்கினார்கள். ஒரு வருஷம் கழித்து, 1185 பிப்ரவரியில், புயலில் யாரும் படகு எடுக்காத ஒரு ராத்திரி, ஐந்தே படகில் 150 குதிரைவீரர்களோடு யோஷிட்சுனே ஷிகொக்குவில் வந்து இறங்கினான். பின்பக்கமாக வந்து ஊரைக் கொளுத்தினான். மறுபடி ஹெய்கே கடலில்.

நாங்கள் தகமட்சுவிலிருந்து சின்ன ரயிலில் போனோம். மலைக்கு மேலே போகும் பஸ்ஸின் நேர அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்தியை நான் தப்பாகப் படித்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிழற்குடையில். அந்த நேரத்தில் நடந்தே ஏறியிருக்கலாம் என்று பையன் மூன்று முறை சொன்னான்.

யாஷிமா மேலே தட்டையான மேசைமலை, உயரம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஷிகொக்குவின் 88 கோயில் யாத்திரையில் 84-ஆவது கோயில் அங்கேதான். வெள்ளை உடுப்பு யாத்ரீகர்கள் தடி ஊன்றி வந்துகொண்டே இருக்கிறார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் வீரர்கள் வாள் கழுவிய குளம். மலை விளிம்பில் சின்னக் களிமண் தட்டுகளை விலைக்கு வாங்கிப் பள்ளத்தில் வீசும் வழக்கம் ஒன்று உண்டு. ஜெயித்த கென்ஜிகள் தொப்பியை வீசிக் குதித்ததன் ஞாபகமாம். பையன் வீசிய முதல் தட்டு காற்றில் திரும்பி எங்கள் தலைக்கு மேலேயே போனது.

கீழே கிழக்குப் பக்கம் அந்தக் குறுகிய கடல். அப்போது யாஷிமா தனித்தீவு. இப்போது நிறைய தூர்ந்துவிட்டது. வீடு, கல் பட்டறை, வயல். இறங்கிப் போய், கென்ஜி வில்லாளி நசு நோ யொயிச்சி குதிரையை நிறுத்திய பாறையைத் தேடினோம். வாய்க்கால் மாதிரி ஓடும் தண்ணீருக்குள் இருக்கிறது. தண்ணீர் வற்றும்போதுதான் தலை தெரியும். எங்களுக்குப் பாசி பிடித்த ஒரு முழம் தெரிந்தது.

பொழுது சாயும் நேரம். ஹெய்கே படகு ஒன்று கரைப்பக்கம் வருகிறது. 18, 19 வயதுப் பெண் ஒருத்தி, கம்பத்தில் விசிறியைச் சொருகி, அடி பார்க்கலாம் என்று சைகை காட்டுகிறாள். கென்ஜி பக்கம் யொயிச்சியைக் கூப்பிடுகிறார்கள். வயது 20 இருக்கும். என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு யாரையாவது விடுங்கள் என்கிறான். யோஷிட்சுனேவுக்குக் கோபம். என் பேச்சைக் கேட்காதவன் ஊருக்குப் போகலாம் என்கிறான். மேலதிகாரி என்றால் எந்தக் காலத்திலும் ஒரே பேச்சுத்தான். யொயிச்சி குதிரையைத் தண்ணீரில் இறக்கினான். வடக்குக் காற்று, ஆடும் படகு, எழுபது எண்பது மீட்டர் தூரம். தவறினால் வில்லை முறித்துக்கொண்டு செத்துப்போவேன் என்று தெய்வத்தைக் கும்பிட்டு அம்பை விட்டான். விசிறியின் பூட்டாணிக்கு மேலே ஓர் அங்குலத்தில் அம்பு தைத்தது. விசிறி எகிறி, வெயிலில் மின்னி, கடலில் விழுந்தது. கடலில் ஹெய்கே படகின் விளிம்பைத் தட்டிப் பாராட்டியது. கரையில் கென்ஜி அம்பறாத்தூணியைத் தட்டி ஆரவாரம் செய்தது.

பிஸ்கட் டப்பா வரைக்கும் இந்தப் படம்தான். அடுத்த நிமிஷம் நடந்ததை யாரும் அச்சடிப்பதில்லை. அந்த அழகு தாங்காமல் படகிலிருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்து, விசிறி இருந்த இடத்தில் நின்று ஆடத் தொடங்கினார். யொயிச்சியின் பின்னால் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்திய ஒருவர், உத்தரவு, அவரையும் அடி என்றார். அடித்தான். கழுத்தில் தைத்துக் கவிழ்ந்தார். ஹெய்கே பக்கம் சத்தமே இல்லை. கென்ஜி பக்கம் சிலர் 'அடிச்சான்டா' என்றார்கள், சிலர் 'இது அநியாயம்' என்றார்கள்.

"அதை ஏன் செஞ்சான்?" என்றான் பையன். உத்தரவு என்றேன். வேறு பதில் என்னிடமும் இல்லை.

இங்கேயே இன்னொரு பிள்ளை, கிகுஒ-மாரு, 18 வயது. ஹெய்கே வில்லாளி நொரிட்சுனேயின் எடுபிடி. எஜமானர் அம்பில் விழுந்த எதிரியின் தலையை எடுக்க ஓடினான். விழுந்தவனின் தம்பி அடித்த அம்பு இவன் வயிற்றில் பாய்ந்தது. நொரிட்சுனே படகிலிருந்து குதித்து, ஒரு கையில் வில்லைப் பிடித்தபடி மறு கையால் பையனைத் தூக்கிப் படகில் போட்டார். தலை எதிரி கைக்குப் போகவில்லை; உயிர் போய்விட்டது. அன்று அதற்கு மேல் அவர் சண்டை போடவில்லை.

நாள் 4

மழை. ரயில், ரயில், ரயில். சேட்டோ பாலத்தைத் தாண்டும்போது கடலே தெரியவில்லை. ராத்திரி ஷிமொனொசெகி. பையனுக்குச் சளி. மிளகு ரசம் வைக்க வழியில்லாமல், கடையில் கிடைத்த இஞ்சிப் பானத்தைச் சுட வைத்துக் கொடுத்தேன்.

நாள் 5 – தான்-நோ-ஊரா

ஹொன்ஷூ தீவும் க்யூஷூ தீவும் இங்கே கைநீட்டித் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் வந்து நிற்கின்றன. நடுவில் கன்மொன் ஜலசந்தி. கடல் மாதிரி இல்லை, வெள்ளம் வந்த ஆறு மாதிரி ஓடுகிறது. கரையில் ஒரு பெரிய மின்பலகை. முதலில் திசையைக் காட்டும் எழுத்து, அப்புறம் வேகத்துக்கு ஓர் எண், அப்புறம் வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்ட ஓர் அம்புக்குறி. கப்பல்காரர்களுக்கான அறிவிப்பு. நாங்கள் போன நேரம் எண் 5 காட்டியது. கொஞ்ச நேரத்தில் 4. பையன் அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

1185 மார்ச் 24, கடைசிக் கடற்போர் இங்கேதான். ஹெய்கே 500 படகு, கென்ஜி 840 படகு என்பது, ஜெயித்த கென்ஜி அமைத்த கமகூரா அரசின் வரலாற்றேட்டுக் கணக்கு. கதையில் கென்ஜிக்கு 3000. நீரோட்டம் திரும்பியதால்தான் ஹெய்கே தோற்றது என்று ரொம்ப காலம் சொன்னார்கள், இப்போது அதை எல்லோரும் ஏற்பதில்லை. ஹெய்கே பக்கமிருந்து சிலர் கட்சி மாறியதும் உண்டு. எதுவானாலும் மத்தியானத்துக்கு மேல் முடிந்துவிட்டது. கியோமோரியின் மனைவி, 8 வயதுப் பேரப்பிள்ளைப் பேரரசரை இடுப்பில் சேர்த்தணைத்து, அலைக்கு அடியிலும் நமக்கு ஓர் அரண்மனை இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக் குதித்தார். அவர்கள் கணக்கில் 8. நம் கணக்கில் ஆறு வயதுக் குழந்தை.

அகாமா ஜிங்கூ அந்தக் குழந்தைக்கான கோயில். வாசலை, கடலடி அரண்மனை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துச் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஓரத்தில், மர நிழலில், ஹெய்கே ஆட்களுக்கான கற்கள் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு. தொமொமோரி இருக்கிறார். இரண்டு கவசம் போட்டுக்கொண்டு மூழ்கினார். நொரிட்சுனே இருக்கிறார். அத்சுமோரியின் அப்பா த்சுனெமோரி இருக்கிறார். மகன் போன மறுவருஷம், தம்பியோடு கைகோர்த்துக்கொண்டு, கவசத்தின் மேல் நங்கூரத்தைச் சுமந்து குதித்தார்.

குலத்தலைவர் முனெமோரிக்கு இங்கே கல் இல்லை. அவர் இங்கே சாகவில்லை.

எல்லோரும் குதித்துக்கொண்டிருக்க, அப்பாவும் மகனும் படகு விளிம்பில் நின்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பார்க்கச் சகிக்காமல் சொந்த ஆட்களே கடந்துபோகிற மாதிரிப் போய் முனெமோரியை இடித்துத் தள்ளிவிட்டார்கள். அதைப் பார்த்து மகனும் குதித்தான். மற்றவர்கள் பாரம் கட்டிக்கொண்டு குதித்தார்கள். இவர்கள் கட்டவில்லை, போதாததற்கு இருவரும் நல்ல நீச்சல்காரர்கள். அவன் மூழ்கினால் நானும் மூழ்குவேன், அவன் பிழைத்தால் நானும் பிழைப்பேன் என்று அப்பா நினைக்கிறார். மகனும் அதையே நினைக்கிறான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நீந்திக்கொண்டிருக்கிறார்கள். எதிரிப் படகு வந்து முதலில் மகனைக் கொக்கி போட்டு இழுத்தது. அப்பா தப்பிக்கவே பார்க்கவில்லை. அவரையும் இழுத்துப் போட்டார்கள்.

கதை இதைக் கேலியாகத்தான் சொல்கிறது. நானும் முதல் தடவை சிரித்தேன்.

மத்தியானம் கடலுக்கு அடியில் 780 மீட்டர் சுரங்கப்பாதையில் க்யூஷூவுக்கு நடந்தே போய்த் திரும்பினோம். நடுவில் மாகாண எல்லைக் கோடு. இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். சளி போன இடம் தெரியவில்லை.

நாள் 6 – கியோட்டோ, குரோதானி

குமகாய் அப்புறம் என்ன ஆனார்? அத்சுமோரியை வெட்டிய துக்கம் தாங்காமல் துறவியாகி, ஹோனென் அடிகளிடம் சேர்ந்து ரென்ஷோ என்று பெயர் வைத்துக்கொண்டார். இது எல்லோருக்கும் தெரிந்த முடிவு. குரோதானி கோயிலில் அவர் கவசத்தைக் கழுவிய குளமும், உலரப்போட்ட பைன் மரமும் காட்டுகிறார்கள். படியேறி மேலே போனால் ஹோனென் சமாதிக்கு முன்னால் அத்சுமோரிக்கும் குமகாய்க்கும் நினைவுக்கற்கள். நேருக்கு நேர். யாருக்கோ நல்ல மனசு.

வரலாற்றேடு சொல்வது வேறு. 1192-இல் குமகாய்க்கும் அவர் அம்மாவின் சகோதரி கணவருக்கும் நில எல்லைத் தகராறு. கமகூரா அரசின் அதிபதி, கென்ஜி தலைவர் யோரிதோமோவே விசாரித்தார். குமகாய் சண்டையில் சூரர், பேச்சில் திணறுவார். கேள்வி மேல் கேள்வி. எதிராளிக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு இருக்கிறது, இனி பத்திரத்துக்கு என்ன வேலை என்று கத்தி, தஸ்தாவேஜுகளைத் தூக்கி முற்றத்தில் வீசிவிட்டு, கத்தியை எடுத்துத் தன் குடுமியைத் தானே அறுத்துக்கொண்டு வெளியேறினார். வீட்டுக்கும் போகவில்லை.

பையனுக்கு இது ஏமாற்றம். "அப்ப அத்சுமோரிக்காக இல்லையா?" எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த நிலத்துக்காக மகனையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் வாசலில் போய் நின்றாரோ, எந்த நிலத்துக்காக அந்தத் தலையை வெட்டினாரோ, அந்தக் கணக்கே கடைசியில் தப்பாகப் போனால் ஒரு மனிதன் வேறு எதை வீசுவான்?

மகன் நவோயியே பிழைத்தான். குலத்தைத் தொடர்ந்தான்.

நாள் 7 – ஷினோஹாரா

கியோட்டோவிலிருந்து பிவா ஏரிப் பக்கம் யாசு ஸ்டேஷன், அங்கிருந்து டாக்ஸி. ஓட்டுநர் இடத்தைக் கேட்டுவிட்டு எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தேசிய நெடுஞ்சாலை 8-ஐ ஒட்டிய தோப்புக்குள் ஒரு பாதை. உள்ளே சின்னச் சின்னக் கற்கள். கோபுரமும் இல்லை, நூடுல்ஸ் கடையும் இல்லை, எங்களைத் தவிர ஆளும் இல்லை.

பிடிபட்ட முனெமோரியையும் கியோமுனேயையும் கமகூரா வரை கூட்டிப் போய்க் காட்சிக்கு வைத்துவிட்டு, திரும்பக் கியோட்டோவுக்குக் கொண்டுவரும் வழியில், 1185 ஜூன் 21, இங்கே நிறுத்தினார்கள். அதுவரை ஒன்றாக இருந்த இருவரையும் அன்று காலை பிரித்து வைத்தார்கள். இன்றைக்குத்தான் என்று புரிந்துவிட்டது. முனெமோரிக்கு வயது 39. கடைசி உபதேசத்துக்கு வந்த துறவியிடம் அவர் முதலில் கேட்டது மகன் எங்கே என்றுதான். தலை போனாலும் உடல் ஒரே பாயில் கிடக்கும் என்று நினைத்திருந்தேனே என்றார். பதினேழு வருஷத்தில் ஒருநாள் ஒருபொழுதுகூட அவனைப் பிரிந்ததில்லை. கடலில் மூழ்காமல் இவ்வளவு அவமானப்பட்டதும் அவனால்தான் என்றார்.

துறவி பிரார்த்தனை சொல்லச் சொன்னார். சொல்ல ஆரம்பித்து, வாளோடு ஆள் பின்னால் வந்தது தெரிந்ததும் பாதியில் நிறுத்தி, "மகனுக்கும் முடிந்துவிட்டதா?" என்றார். அதுதான் கடைசிச் சொல். அப்புறம் துறவி மகனிடம் போனார். அப்பாவின் முடிவு எப்படி இருந்தது என்று அவன் கேட்டான். கம்பீரமாக இருந்தது, கவலைப்படாதே என்றார் துறவி. அவன் அழுதான், பிறகு கழுத்தை நீட்டினான். அவ்வளவு கெஞ்சிக் கேட்டாரே என்று, வெட்டியவர்களே இரண்டு உடலையும் ஒரே குழியில் போட்டு மூடினார்களாம்.

தொமொமோரி மாவீரர். மகனை விட்டுவிட்டு வந்தார், அதைச் சொல்லி அழுதார், நங்கூரத்தோடு சிலையாக நிற்கிறார். முனெமோரி கோழை. அன்று கப்பலில் தம்பி அழுதபோது தன் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தவர், அதற்கப்புறம் பார்வையை எடுக்கவே இல்லை. ஏச்சு வாங்கியதெல்லாம் அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இவருக்கும் ஒரு சிலை வைத்திருக்கலாம்.

பக்கத்தில் தலையைக் கழுவிய குளமும், அன்றிலிருந்து தவளை கத்தாத குளம் ஒன்றும் உண்டு. நின்று காது கொடுத்தோம். லாரிச் சத்தத்தில் தவளை கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது.

ஒரு சங்கடம் பாக்கி இருக்கிறது. வரலாற்றேட்டின்படி மகனை இங்கே வெட்டவில்லை. அப்பாவை இங்கே முடித்துவிட்டு, மகனை இன்னும் கொஞ்ச தூரம் கூட்டிப் போய் நொஜி என்ற இடத்தில் வெட்டினார்கள். அங்கேயும் கியோமுனேக்கு ஒரு கல் இருக்கிறது. யாசுவிலிருந்து நாலு ஸ்டேஷன், மினாமி-குசட்சு. ஒரே குழி என்பது கதை சொன்னவர்கள் பார்த்து வைத்ததாக இருக்கலாம். பையனிடம் இதை ரயிலில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

ரயில் ஏறியதுமே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். மொரியாமா, ரித்தோ, குசட்சு. மினாமி-குசட்சுவில் கதவு திறந்து ஸ்கூல் யூனிஃபார்ம் கும்பல் ஒன்று சளசளவென்று ஏறியது. கதவு மூடியது. நான் எழுப்பவில்லை.